புத்தகத்தில் இல்லாத நான்கு அத்தியாயங்கள்

“நீங்கள் வாசியுங்கோ. நான் டைப் பண்ணுறன்.”

“ஏன் மேடம், உங்களுக்குத் தமிழ் தெரியாதா?”

“தெரியும். பேசுவன், கேட்டால் விளங்கும். எழுத்துத்தான் வராது.”

“அப்ப பாதி தெரியும்னு சொல்லுங்க.”

“பாதியெண்டே வச்சுக்கொள்ளுங்கோ. மிச்சப் பாதியை நீங்கள் வாசியுங்கோ.”

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு வக்கீல் அலுவலகத்தில் நடந்த பேச்சு இது. இரஞ்சிதத்துக்கு அது ஒரு சொல் பிசகாமல் நினைவிருந்தது. அவள் அப்போது அந்த அலுவலகத்தில் முப்பது வருடச் செயலாளர். எதிரே உட்கார்ந்திருந்த ஆம்ப்ரோஸ், துறைமுகத்தில் சரக்கு எண்ணிக் கணக்கு வைக்கும் டேலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவி அருள்ஜோதி இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அவள் தமிழில் எழுதி வைத்துவிட்டுப் போன ஒரு கடிதத்தில் என்ன இருக்கிறது என்று வக்கீலுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

ஆம்ப்ரோஸ் வாசித்தார். தையல் மிஷினை மகள் டானியலாவுக்குக் கொடுக்க வேண்டும். இவர் கையில் விட்டால், யாராவது இரண்டு நல்ல வார்த்தை பேசினால் போதும், தூக்கிக் கொடுத்துவிடுவார். பால்கனியில் இருக்கும் கறிவேப்பிலைச் செடிக்கு இவர் தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஊற்றியே கொன்றுவிடுவார். இப்படியே இரண்டு பக்கம். அவர் வாசிக்க வாசிக்க இரஞ்சிதத்தின் விரல்கள் ஆங்கிலத்தில் ஓடின. முடிந்ததும் அவர் எழுந்து வந்து, திரையைக் குனிந்து பார்த்து நிதானமாகப் படித்தார்.

“என் வீட்டுக்காரிக்கு இங்கிலீஷ்ல ரெண்டே வார்த்தைதான் தெரியும் மேடம். நோ, ஃபினிஷ். ஆனா இது அவ பேசுற மாதிரியே இருக்கு” என்றார்.

ஐம்பத்தாறு வயது வரை இரஞ்சிதத்தின் ஆங்கிலத்தைப் பற்றி எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: பிழையில்லாமல் இருக்கிறது. அது ஒரு மனுஷி பேசுவதுபோல் இருக்கிறது என்று யாரும் சொன்னதில்லை.

அடுத்த வாரம் அவர் ஒரு மளிகைக் கடைப் பையில் ஆறு நோட்டுப் புத்தகங்களைப் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். எண்பதுகளில் இங்குள்ள தமிழ்ப் பத்திரிகையில் வாராவாரம் அவர் எழுதிய ‘ஆறரை மணிச் சங்கு’ என்ற தொடர்கதை. வந்த பகுதிகளையெல்லாம் வெட்டி ஒட்டி வைத்திருந்தார். சில இடங்களில் ஒட்டிய தாளுக்குப் பதிலாகக் கையெழுத்து இருந்தது. அந்த வாரத்துப் பத்திரிகை கிடைக்காமல் போனால் கையால் எழுதிவைப்பது வழக்கம் என்று விளக்கினார். பிறகு அது புத்தகமாகவும் வந்ததாம். ஐந்நூறு பிரதிகள். அவற்றில் பெரும்பாலானவை யார் யார் வீட்டிலோ போய்ச் சேர்ந்துவிட்டன. “இதை நான் வாசிக்கிறேன், நீங்க டைப் பண்றீங்களா?” என்று கேட்டார்.

அப்படித்தான் வியாழக்கிழமைகள் தொடங்கின. எட்டு வருடம் நடந்தன.

இப்போது, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, இரஞ்சிதம் பிடோக்கில் தான் தனியாக வாழும் வீட்டின் சமையலறையில் நின்றுகொண்டிருந்தபோதுதான் வினுஷாவிடமிருந்து போன் வந்தது. அந்த நாவலின் ஆங்கில வடிவத்தை வெளியிட்ட சிறிய பதிப்பகத்தில் வினுஷா ஆசிரியர். ஆசிய மொழிகளிலிருந்து ஆங்கிலத்துக்கு வரும் நாவல்களுக்கு என்று ஒரு விருது உண்டு. அதன் இறுதிப் பட்டியலில் ஆறு புத்தகங்கள். அவற்றில் ஒன்று இரஞ்சிதத்தினுடையது. பட்டியல் வந்த மூன்று வாரமாக வினுஷா தினமும் போன் செய்துகொண்டுதான் இருந்தாள், எந்தச் சேலை கட்டப்போகிறீர்கள் என்பது வரைக்கும். ஆனால் இன்றைக்கு அவள் குரல் வேறு மாதிரி இருந்தது.

“ஆன்ட்டி, உக்காந்துட்டு இருக்கீங்களா? பேனிக் ஆகாதீங்க லா. ஒரு சின்ன கேள்விதான்.”

நடுவர்களில் ஒருவருக்குத் தமிழ் தெரியும். அவர் தேசிய நூலகத்தில் இருந்த தமிழ்ப் பிரதியை எடுத்து ஆங்கிலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். தமிழில் இருபத்திரண்டு அத்தியாயங்கள். ஆங்கிலத்தில் இருபத்தாறு. மாடியறைக்குக் குடிவரும் ரோசலின் என்ற பெண் தமிழ்ப் புத்தகத்தில் எங்குமே இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் விளக்கம் வேண்டும், இல்லாவிட்டால் புத்தகம் பட்டியலிலிருந்து எடுக்கப்படும் என்று கடிதம் வந்திருக்கிறது.

“அந்த நாலு சாப்டர் நீங்களா சேர்த்தீங்களா ஆன்ட்டி? சேர்த்திருந்தா பரவால்ல, சொல்லுங்க. எப்படியாவது பார்த்துக்கலாம். நானும் ஒரிஜினலோட செக் பண்ணியிருக்கணும். முதல் சாப்டரை மட்டும் பார்த்துட்டு விட்டுட்டேன்.”

இல்லை என்று சொல்ல இரஞ்சிதத்துக்கு வாய் வரைக்கும் வந்தது. ஆனால் இல்லை என்றால் அடுத்த கேள்வி வரும்: அப்படியானால் மூலத்தில் அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது? விருதுக்கான படிவத்தில், வெளியான மூலநூலிலிருந்து நேரடியாக மொழிபெயர்த்தேன் என்று அவள் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். ஆயிரக்கணக்கான சத்தியக் கடதாசிகளை டைப் செய்த கை அது. கேட்டு எழுதுவதும் நேரடிதானே என்று அப்போது தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பிறகு கூப்பிடுவதாகச் சொல்லி போனை வைத்தாள்.

அவளுடைய அப்பா கந்தையா அரசாங்க அலுவலகத்தில் கிளார்க். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காத்தோங்கில் வாடகைக்கு இருந்தவர். பிள்ளைகளுக்கு அவர் போட்ட விதி எளிமையானது. வீட்டில் தமிழ் பேசலாம், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷும் மலாயும் படிக்க வேண்டும். தமிழ் எழுத்தால் யாருக்கு உத்தியோகம் கிடைத்தது என்று கேட்பார். சிலோன் ரோட்டுக் கோயிலில் ஞாயிறு வகுப்புக்கு ஒரு வருடம் போனதில் உயிரெழுத்தும் கொஞ்சம் மெய்யெழுத்தும் தங்கின. அதற்கு மேல் இல்லை. இன்றைக்கும் அதே செண்பக விநாயகர் கோயிலில் தேவாரப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால், சரியான பக்கத்தை அருகில் நிற்பவரைப் பார்த்துப் புரட்டிக்கொண்டு, மனப்பாடத்தில் பாடுவாள். அறுபது வருடமாக யாரும் கண்டுபிடித்ததில்லை.

பட்டியல் வந்த வெள்ளிக்கிழமை அந்தக் கோயிலில் மைக்கில் அவள் பெயரை அறிவித்தார்கள். தமிழுக்குத் தொண்டு செய்தவர் என்றார்கள். பூசை முடிந்து வெளியே வந்தபோது, அவளை எப்போதும் கந்தையா கிளார்க்கின் மகள் என்றே கூப்பிட்ட இரண்டு மூதாட்டிகள் முதல்முறையாக ‘இரஞ்சிதம்’ என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

மத்தியானம் வினுஷா விருதுக் குழுவின் கடிதத்தையும் தமிழ்ப் புத்தகத்தின் ஸ்கேன் பிரதியையும் அனுப்பினாள். இரஞ்சிதம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தாள். அத்தியாய எண்களைப் படிக்க முடிந்தது. இருபத்திரண்டோடு புத்தகம் முடிந்துவிட்டது. ஆனாலும் அவளுக்கு நம்பிக்கை விடவில்லை. ரோசலின் என்று தமிழில் எப்படி எழுதுவார்கள் என்று போனில் தேடி, அந்த நான்கு எழுத்துகளையும் ஒரு தாளில் பெரிதாக வரைந்து வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு வரியாக, விரலை வைத்துத் தேடினாள். ஆங்கிலத்தில் முந்நூறு தடவையாவது டைப் செய்த பெயர். மழை வந்து, விட்டு, எதிர் பிளாக்கில் துணி காயப்போடும் கம்புகள் திரும்பவும் வெளியே நீண்டன. ஐந்து மணி வரை தேடியும் ரோசலின் அங்கே இல்லை.

நாவலிலேயே அவளுக்கு மிகவும் பிடித்தது ரோசலின் வரும் பகுதிதான். துறைமுகக் குவார்ட்டர்ஸில் மூன்று பெண் பிள்ளைகளோடு வாழும் சவரிமுத்துவின் கதை அந்த நாவல். மனைவியை இழந்த அவர், காலையில் சங்கு ஊதினால் வேலைக்குப் போய், மாலையில் ஊதினால் வீட்டுக்கு வருகிற மனிதர். மாடியறைக்கு ரோசலின் குடிவருகிறாள். ஆஸ்பத்திரியில் துணி மடிக்கும் வேலை அவளுக்கு. அவள் படியின் மேலே நிற்பாள், அவர் கீழே நிற்பார். தண்ணீர் எப்போது வரும், சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டதா, இப்படி ஏதாவது பேசிக்கொள்வார்கள். நான்கு அத்தியாயங்களிலும் இருவருக்கும் சொல்ல ஏதோ இருக்கிறது. இருவரும் சொல்வதில்லை. நடுவர்களின் குறிப்பில் தனியாகப் பாராட்டப்பட்டதும் அந்தப் படிக்கட்டுப் பேச்சுதான்.

அதை மொழிபெயர்க்கும்போது அவள் ஆம்ப்ரோஸோடு சண்டை போட்டிருக்கிறாள். லிட்டில் இந்தியாவில், தேக்கா மார்க்கெட்டில், மதியக் கூட்டம் கலைந்த மூன்று மணிக்கு, தூணோரம் அவர்களுக்கென்று ஒரு மேசை இருந்தது. டீ, கோப்பி விற்கும் தண்ணீர்க் கடை அஹமது கபீர் கேட்காமலேயே அவளுக்குப் பால் விடாத தே ஓ டீ, அவருக்குச் சீனி இல்லாத கோப்பி கொண்டுவந்து வைப்பார். ‘இன்னிக்கு எத்தனை பக்கம்?’ என்று விசாரித்துவிட்டுப் போவார். இறைச்சிக் கடைக்காரர்கள் பலகையைத் தேய்த்துக் கழுவும் சத்தத்துக்கு நடுவிலும் ஆம்ப்ரோஸின் குரல் அவளுக்குத் தனியாகக் கேட்கும். சர்ச்சில் முப்பது வருடம் வாசகம் வாசித்த குரல். உயர்த்தாமலேயே தூரம் போகும்.

“இந்த மனுசன் ஏன் அவளிட்ட ஒண்டுமே கேக்கிறேல்லை?” என்று ஒரு வியாழக்கிழமை அவள் லேப்டாப்பை மூடியேவிட்டாள்.

“அவன் கேக்குற ஆள் இல்ல மேடம்.”

“அப்ப அவளாவது கேக்கலாமே.”

“அதை நீங்க அவகிட்டதான் கேக்கணும்” என்று சொல்லிவிட்டு அவர் கோப்பியை எடுத்துக் குடித்தார்.

இரஞ்சிதத்துக்கு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அதை நினைக்க இப்போது வெட்கமாக இருந்தது. வேலை முடியக்கூடாது என்று அவளே எத்தனை தந்திரம் செய்திருக்கிறாள். நான்காம் அத்தியாயத்தை மூன்று தடவை வாசிக்கச் சொன்னாள், ஆங்கிலம் சரியாக உட்காரவில்லை என்று. உண்மையில் முதல் தடவையே உட்கார்ந்துவிட்டது. ஊர் முழுக்கக் கதவடைத்துக் கிடந்த நோய்க்காலத்தில், வியாழக்கிழமை மூன்று மணிக்கு அவர் போனில் வாசித்தார். வெளியே எங்கும் போகாத அந்த மாதங்களில் அவள் வாரத்தில் ஒரு நாள் மட்டும் தலை வாரிப் பொட்டு வைத்துக்கொண்டாள், போனில் முகம் தெரியாது என்று தெரிந்தும்.

பிறகு ஒரு நாள் புத்தகம் முடிந்துதான் போயிற்று. குளியலறையில் வழுக்கி விழுந்து ஆம்ப்ரோஸின் இடுப்பெலும்பு விரிசல் விட, மகள் டானியலா அவரைப் புக்கிட் பாஞ்சாங்கில் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டாள். கடைசி வியாழக்கிழமை அவர் அந்தச் செய்தியைச் சொன்னபோது இரஞ்சிதம் ஒன்று கேட்க நினைத்தாள். வாயெடுத்தாள். அந்த நேரம் பார்த்துக் கபீர் மேசையைத் துடைக்க வந்தார். அவர் போனதும், “அங்க எல்ஆர்டி ரயில் இருக்காம், வசதிதான்” என்று வேறு எதையோ சொன்னாள். புத்தக வெளியீட்டில் ஒரு தடவை பார்த்தார்கள். அதற்குப் பிறகு ஒன்றரை வருடமாகக் கிறிஸ்மஸுக்கும் தீபாவளிக்கும் போன் மட்டும்தான். கேட்க நினைத்தது அப்படியே உள்ளே கிடந்தது. வேலை இல்லாமல் ஒருவரைப் போய்ப் பார்க்க என்ன சாக்குச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

இப்போது சாக்கு வந்துவிட்டது. இப்படி ஒரு சாக்கை அவள் வேண்டிக்கொண்டதில்லை. அன்று சாயங்காலமே ஆம்ப்ரோஸுக்குப் போன் செய்து, கடிதத்தைப் பற்றிச் சொல்லி, மறுநாள் வருவதாகச் சொன்னாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை பிடோக் ரெசர்வாயரில் ரயில் ஏறினாள். வழியில் ‘லிட்டில் இந்தியா’ என்று தமிழில் அறிவிப்பு வந்தபோது, கால்கள் பழக்கத்தில் எழுந்து நிற்கப் பார்த்தன. கதவு திறந்து, மல்லிகைச் சரத்தோடு இரண்டு பெண்கள் ஏறி, கதவு மூடியது. இரஞ்சிதம் மடியில் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கடைசி நிறுத்தம் வரை போனாள்.

டானியலா கதவைத் திறந்தாள். பள்ளி விடுமுறை. ஆசிரியை ஆதலால் வீட்டில் இருந்தாள். வாய் நிறைய வரவேற்று, அப்பா காலையிலிருந்து ஜன்னலோரமே உட்கார்ந்திருக்கிறார், நீங்கள் வருகிறேன் என்று சொன்னதிலிருந்து மூன்று சட்டை மாற்றிவிட்டார் என்று சொல்லிச் சிரித்தாள். மைலோ கலந்து வைத்துவிட்டு, கடைக்குப் போய் வருவதாகப் புறப்பட்டாள். கதவருகே நின்று, “அந்த விருது விஷயமா ஆன்ட்டி? கிடைச்சா நல்லது. அப்பா அதுக்காக எவ்ளோ உழைச்சாரு. அப்ப புதன்கிழமை எப்ப பழைய வீட்டுக்குப் போனாலும் ரூம்ல உக்காந்து எழுதிட்டு இருப்பாரு. என்னப்பான்னு கேட்டா, நாளைக்கு ஹோம்வொர்க் காட்டணும்மா, இல்லாட்டி மேடம் திட்டுவாங்கன்னு சொல்வாரு” என்றாள்.

கதவு சாத்திக்கொண்டது. இரஞ்சிதம் திரும்பிப் பார்த்தாள். ஆம்ப்ரோஸ் மைலோக் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். நாற்காலிக்குப் பக்கத்தில் ஊன்றுகோல் சாய்ந்திருந்தது.

அவள் விருதுக் குழுவின் கடிதத்தைப் பையிலிருந்து எடுத்து அவர் முன் வைத்தாள். அவர் முழுதும் படிக்கவில்லை. பாதியிலேயே கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

“இருபத்திரண்டுதான்” என்றார்.

“மற்ற நாலும்?”

“நான்தான் எழுதினேன்.”

“எப்ப?”

“நீங்க டைப் பண்றதுக்கு முந்தின நாள்.” கண்ணாடியை மடித்துவிட்டு, “புதன்கிழமை” என்றார்.

அவர் சொன்னதைச் சொன்னபடி சொல்ல வேண்டும் என்றால் நீளமாகும். நிறுத்தி நிறுத்தி, ஜன்னலைப் பார்த்துத்தான் சொன்னார். கடைசி நோட்டுப் புத்தகத்தில் இன்னும் இரண்டு வாரத்துக்குத்தான் விஷயம் இருக்கிறது என்று ஒரு நாள் பார்த்திருக்கிறார். இரண்டு வாரம் கழிந்தால் வியாழக்கிழமை என்று ஒன்று இருக்காது. நடுவில் ஒரு பக்கம் சேர்த்துப் பார்த்தார். அவளுக்குத் தெரியவில்லை. அடுத்த வாரம் மாடியறைக்கு ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார். அவளுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டது. அதன் பிறகு அவரால் நிறுத்த முடியவில்லை. ஒரு அத்தியாயத்துக்கு ஆறு வாரம் வரும்படி மெதுவாக எழுதினார். கையெழுத்துப் பக்கங்கள் ஏற்கெனவே நோட்டில் இருந்ததால் புதிதாக எதுவும் சந்தேகம் வராது என்று நம்பினார். ஆங்கிலப் புத்தகம் வந்தால் தெரிந்தவர்கள் பத்துப் பேர் வாங்குவார்கள், அதோடு சரி என்றுதான் நினைத்தார். விருது, நடுவர், தேசிய நூலகம் எல்லாம் அவர் கணக்கிலேயே இல்லை.

“நாலு வருசத்துக்கு முன்னால சொல்லியிருக்கலாம்” என்றாள் இரஞ்சிதம்.

“சொன்னா நீங்க லேப்டாப்ப மூடிட்டு எழுந்து போயிடுவீங்க. உங்களுக்கு எல்லாம் சரியா இருக்கணும்.”

“எழும்பிப் போயிருப்பன்தான்.”

“பார்த்தீங்களா.”

“அடுத்த வியாழக்கிழமை வந்திருப்பன்.”

ஆம்ப்ரோஸ் அவளை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்லப்போவதுபோல் இருந்தது. ஆனால் அவர் மேசை மேல் இருந்த கடிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். விஷயத்தைச் சரிசெய்ய வழி இருக்கிறது என்றார். நேற்று அவள் போன் செய்ததிலிருந்து யோசித்திருக்கிறார். அந்த நான்கு அத்தியாயங்களும் எண்பதுகளிலேயே எழுதப்பட்டவை, புத்தகம் அச்சாகும்போது பக்கம் கூடிவிட்டதால் எடுத்துவிட்டேன், மொழிபெயர்ப்பாளர் என் அனுமதியோடு முழு வடிவத்தைப் பயன்படுத்தினார் என்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார். எழுதினவன் சொன்னால் யார் மறுக்க முடியும்? அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமா என்ற பேச்சே எழாது. பட்டியலில் பெயர் இருக்கும். கோயிலில் தலைநிமிர்ந்து போகலாம்.

கடிதத்தைக்கூடத் தமிழில் எழுதி வைத்திருந்தார். சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். அவளுக்கு வாசிக்கத் தெரியாது என்பது அந்தக் கணத்தில் இருவருக்குமே நினைவில்லை. பிறகு அவர் அதைத் திரும்ப வாங்கி, பழைய குரலில், நிதானமாக வாசித்துக் காட்டினார்.

நல்ல கடிதம். வக்கீலுக்கே குறை கண்டுபிடிக்க முடியாத கடிதம். இரஞ்சிதம் ஒரு நிமிடம் அதை எடுத்துக்கொண்டு ரயில் ஏறுவதை மனதில் ஓட்டிப் பார்த்தாள். விருது கிடைத்தாலும் கிடைக்கும். மேடையில் நிற்பாள். அந்த இரண்டு மூதாட்டிகளும் முன்வரிசையில் இருப்பார்கள்.

“முப்பத்தெட்டு வருசத்துக்கு முன்னமே எழுதினனான் எண்டு போட்டிருக்கிறியள்” என்றாள்.

“ஆமா.”

“அப்ப உங்கட மனுசி இருந்தவ. நான் எங்கேயோ, நீங்கள் எங்கேயோ. ரோசலினை எனக்காக எழுதேல்லை எண்டு கையெழுத்து வைக்கப்போறியள்.”

அவர் கடிதத்தை மடித்து மேசை மேல் வைத்தார்.

“அதை என்னால கொண்டுபோக ஏலாது. பொய் எண்டதுக்காக மட்டும் இல்லை. எனக்கெண்டு ஆரும் இதுவரைக்கும் ஒரு பக்கம் எழுதித் தந்ததில்லை. நீங்கள் நாலு அத்தியாயம் எழுதியிருக்கிறியள். அதைப் போய் இல்லையெண்டு நானே எப்படிக் குடுக்கிறது?”

கீழே விளையாட்டுத் திடலில் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. எல்ஆர்டி ரயில் ஒன்று ஜன்னலுக்கு எதிரே வளைந்து போயிற்று. வீடுகளுக்கு அருகே வந்ததும், பயணிகள் உள்ளே பார்க்க முடியாதபடி அதன் கண்ணாடிகள் வழக்கம்போல் மங்கலாகிக்கொண்டன.

இரஞ்சிதம் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து மேசையில் வைத்தாள். ஆம்ப்ரோஸ் எதிரே இருந்தும், அவர் ஏதும் வாசிக்காமல் அவள் டைப் செய்தது அதுதான் முதல் தடவை. விருதுக் குழுவுக்கு ஆங்கிலத்தில் எழுதினாள். எனக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. ஆசிரியர் வாசிக்க, கேட்டு மொழிபெயர்த்தேன். படிவத்தில் நேரடியாக மொழிபெயர்த்ததாக எழுதியது தவறு. இருபத்திரண்டு அத்தியாயங்கள் அச்சில் வந்தவை. நான்கு அத்தியாயங்களை ஆசிரியர் இந்த மொழிபெயர்ப்பு நடந்துகொண்டிருந்தபோது புதிதாக எழுதினார். அது எனக்கு அப்போது தெரியாது. அந்த நான்கையும் நீக்கச் சொன்னால் நான் சம்மதிக்க மாட்டேன். புத்தகத்தைப் பட்டியலிலிருந்து எடுப்பது உங்கள் முடிவு.

எழுதியதை அவர் பக்கம் திருப்பினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உதடு அசையப் படித்தார். ஆங்கிலத்தை அவர் படிக்கும் வேகம் இந்தப் பன்னிரண்டு வருடத்தில் கூடியிருந்தது.

“இதை அனுப்பினா எல்லாருக்கும் தெரிஞ்சிடும் மேடம்.”

“தெரியட்டும்.”

“கோயில்ல பேசுவாங்க.”

“பேசினால் எனக்கு விளங்கும். வாசிக்கத்தானே வராது.”

ஆம்ப்ரோஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இடுப்பு வலிக்க, ஒரு கையால் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து முடிக்கும் முன் அவள் அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டாள். வினுஷாவுக்கும் ஒரு பிரதி போயிற்று. இரண்டு நிமிடத்தில் போன் அதிர்ந்தது. இரஞ்சிதம் எடுக்கவில்லை. அதைக் கவிழ்த்து வைத்தாள்.

இனி அவள் எழும்பிப் போக வேண்டியதுதான். வந்த வேலை முடிந்தது. மைலோ ஆறிப்போய் மேலே ஏடு படர்ந்திருந்தது. டானியலா எந்த நேரமும் திரும்பி வரலாம். லேப்டாப்பைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். எழுந்து நின்றாள். அவரும் மரியாதைக்கு எழுந்திருக்கப் பார்த்து, ஊன்றுகோலைத் தேடினார். “இருங்கோ, எழும்பாதேங்கோ” என்று சொல்லி அதை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். கொடுத்தவள் கையை எடுக்கவில்லை. பாதிப் பிடியை அவர் பிடித்திருந்தார், பாதியை அவள் பிடித்திருந்தாள்.

புத்தகம் முடிந்தாயிற்று. விருதும் அநேகமாகப் போயிற்று. அவரைத் தேடி வருவதற்கு இனி எந்தத் தாளும் எந்தக் கடிதமும் மிச்சமில்லை. இந்தக் கதவைத் தாண்டினால் அடுத்தது கிறிஸ்மஸ் போன்தான் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. மற்றக் கையிலிருந்த பையைத் திரும்ப மேசை மேல் வைத்தாள்.

“என்ன மேடம்?” என்றார் அவர்.

“என்னோட வந்து இருங்கோ, ஆம்ப்ரோஸ்” என்றாள் இரஞ்சிதம். “சேர்ச்சோ கோயிலோ, டானியலா என்ன சொல்லுவாளோ, அதெல்லாம் பிறகு பாப்பம். நான் கனகாலமாக் கேக்க நினைச்சது இதுதான். என்னோட வந்து இருங்கோ.”